கொடியில் வெயில் படட்டும்: மும்பைத் தமிழ்ப் பெண்கள் தங்கள் உடம்போடு இயல்பாக இருக்க

மும்பையில் ஜூன் பிறந்து மழை பிடித்துவிட்டால் செப்டம்பர் வரைக்கும் துணி காய்வது பெரும்பாடு. தாராவி, ஆன்டாப் ஹில், சயன் கோலிவாடா பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடி கோலிகளில், அதாவது ஒற்றை அறை வீடுகளில், கொடியைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஆண்களின் பனியனும் லுங்கியும், பிள்ளைகளின் யூனிஃபார்மும் ஃபேனுக்கு நேராகவோ ஜன்னல் கம்பியிலோ தொங்கும். பெண்களின் பிராவும் ஜட்டியும் ஒரு துண்டுக்கோ உள்பாவாடைக்கோ அடியில் மூடிக் கிடக்கும். காற்றும் படாது, வெளிச்சமும் படாது. காலையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். எலாஸ்டிக்கும் இடுக்குத் தையலும் மட்டும் சில்லென்றிருக்கும். அதையே போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடினால், மத்தியானத்துக்குள் தொடையிடுக்கிலும் மார்புக்கு அடியிலும் அரிப்பு. கொஞ்ச நாளில் அது படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாகிறது. மருந்துக் கடையில் கேட்டால் மூன்று மருந்து கலந்த க்ரீமைக் கொடுப்பார்கள். அதில் ஸ்டீராய்டு இருப்பதால் அரிப்பு உடனே அடங்கும்; பூஞ்சை உள்ளுக்குள் பரவும். சில மாதம் தடவினால் தோல் மெலிந்து கோடு கோடாக வெடிக்கும்.

உள்ளாடையை மறைத்து உலர்த்தும் வெட்கம் ஒரு தோல் நோயாக வந்து நிற்பது இப்படித்தான். பெண்கள் தங்கள் உடம்போடு இயல்பாக இருக்கக் கற்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மனசிலிருந்து தொடங்குகிறார்கள். கண்ணாடி முன் நின்று "நான் அழகு" என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். நாள் முழுக்கச் சிறுநீரை அடக்கி, வயிற்றை எக்கி, தோளைக் குறுக்கி, தப்பான அளவு பிராவில் இறுகிக் கிடக்கும் உடம்புக்கு அந்த வார்த்தை ஏறாது. உடம்பின் அவஸ்தையை முதலில் குறைக்க வேண்டும். அதைக் குறைத்தால் மனசு தானாக இளகுகிறது. சிறு வயதில் "குனிஞ்சு நட", "அடக்கி வை", "மூடி வை" என்று பழக்கிவிட்ட ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவிழ்க்கிற வேலை இது.

கொடியிலிருந்தே தொடங்கலாம். உள்ளாடையை மேலே எதையும் போடாமல், ஃபேன் காற்று நேராகப் படும்படி விரித்துத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் போடுவதற்கு முன் இடுக்குத் தையலையும் எலாஸ்டிக் ஓரத்தையும் இஸ்திரிப் பெட்டியால் ஒரு நிமிடம் சூடு காட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும். ஆறு ஜோடியாவது இருந்தால்தான் மழை நாளில் சுழற்சி வரும். குளித்ததும் தொடையிடுக்கு, மார்பின் அடி மடிப்பு, அடிவயிற்று மடிப்பு மூன்றையும் ஒற்றித் துடைத்துவிட்டுத்தான் துணி உடுத்த வேண்டும். அரிப்பு வந்துவிட்டால் க்ரீம் டியூபைத் திருப்பிப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுப் பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள். பூஞ்சைக்கான மருந்தை, அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை தடவ வேண்டும். நின்றதும் விட்டுவிடுவதால்தான் அடுத்த மழைக்கு அதே இடத்தில் திரும்பி வருகிறது.

இனி சிறுநீர். மும்பைப் பெண்ணின் உடம்பை இதைவிட அதிகமாக ஆட்டிப்படைப்பது எதுவுமில்லை.

லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. புறநகரான டோம்பிவிலியிலிருந்து தென்மும்பையின் சிஎஸ்எம்டி நிலையத்துக்கு வருகிறவளுக்கு வண்டியிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்குள் கழிப்பறை இல்லாத கோலியில், ராத்திரி பத்து மணிக்கு மேல் பொதுக் கழிப்பறைக்குத் தனியாகப் போகப் பயம். ஆண்களிடம் சிறுநீர் கழிக்கக் காசு வாங்காமல் பெண்களிடம் மட்டும் வாங்குவதைக் கேள்வி கேட்டுத்தான் 2011-ல் மும்பையில் 'ரைட் டு பீ' இயக்கம் தொடங்கியது. இந்த நெருக்கடிக்குப் பெண்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டீ, மத்தியானம் சாப்பாட்டோடு அரை டம்ளர், மற்றதெல்லாம் வீடு திரும்பிய பிறகு.

சிறுநீர்ப் பையில் சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். 150, 200 மில்லி சேர்ந்ததுமே முதல் உணர்வு வரும். அது அவசரம் அல்ல, வெறும் தகவல். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகி, அடர் மஞ்சளாகி, பையின் உள்சுவரை எரிச்சலூட்டும். அப்போது கொஞ்சம் சேர்ந்தாலே முட்டுகிற மாதிரி இருக்கும். ஆக, அடிக்கடி போகக் கூடாதென்று தண்ணீரைக் குறைக்கிறவளுக்குத்தான் அடிக்கடி போக வேண்டும் போலிருக்கிறது. பெண்ணுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். பல மணி நேரம் தேங்கினால் கிருமி மேலேறிப் பெருக நல்ல வாய்ப்பு. எரிச்சல், நாற்றம், அடிவயிற்று வலி, பிறகு மாத்திரை, மறுபடி அதே கதை.

ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் அளவு வைத்துக்கொள்ளுங்கள், வியர்வை கொட்டும் ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் கொஞ்சம் கூட. சிறுநீரகம், இதயக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் நிற்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் முக்கால் மணி நேரத்தில் தவிப்புதான் மிஞ்சும். மணிக்கு ஒரு டம்ளர் போதும். ரயில் ஏறும் முன் அரை மணி நேரத்தைக் காலியாக விட்டு, இறங்கியதும் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி. பகலில் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு ஆறிலிருந்து எட்டு முறை போவது இயல்பு.

உட்காரும் விதம் இன்னும் முக்கியம். அழுக்குக் கழிப்பறை என்று வெஸ்டர்ன் கோப்பைக்கு மேல் அந்தரத்தில் பாதி குந்தி நிற்பார்கள். அந்த நிலையில் தொடையும் பிட்டமும் இறுகியிருக்கும். கூடவே இடுப்புத்தளத் தசையும், அதாவது சிறுநீர்ப் பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் தசையும், இறுகும். அந்தத் தசை தளர்ந்தால்தான் சிறுநீர் முழுசாக வெளியேறும். இறுகியபடி முக்கித் தள்ளினால் கடைசிக் கொஞ்சம் பையிலேயே தங்கிவிடும். இருக்கையைக் கழுவித் துடைத்துவிட்டு முழுசாக உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில், முழங்கை முழங்காலில், வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சை வெளியே விட்டால் போதும், முக்கவே வேண்டாம். இந்தியன் கழிப்பறை என்றால் குதிகால் தரையில் பட முழுசாகக் குந்துங்கள். அதுதான் நல்ல நிலை. முடிந்ததும் ஒருமுறை எழுந்து, மறுபடி உட்கார்ந்து பத்து நொடி பாருங்கள். மிச்சமிருந்தால் வந்துவிடும். கழுவுவது எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு.

"வெளியே கிளம்புறோம், எதுக்கும் ஒருதடவை போய்ட்டு வந்துடு" என்று அம்மா பழக்கிய பழக்கத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு முன் போவதில் தப்பில்லை. அரை மணிக்கு ஒரு தடவை, பை நிறையாமலே போய்க்கொண்டிருந்தால், கொஞ்சத்துக்கே கூப்பிட அது பழகிக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டவர்கள் உணர்வு வந்ததும் ஓடாமல் நின்ற இடத்தில் நின்று, இடுப்புத்தளத்தை ஐந்து முறை வெடுக் வெடுக்கென்று சுருக்கி விடுங்கள். அலை தணியும். முதல் வாரம் ஐந்து நிமிடம் தள்ளுங்கள், அடுத்த வாரம் பத்து. ஒன்றிரண்டு மாதத்தில் மூன்று மணி நேரத்துக்கு வந்துவிடலாம்.

தும்மினால், இருமினால், சிரித்தால் சொட்டு வருகிறது என்பதை, இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. பயிற்சியால் பெரும்பாலும் சரியாகக் கூடியது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குகிற மாதிரி பின் துவாரத்தைச் சுருக்கி, அதே சுருக்கத்தை முன்பக்கமாக மேலே இழுங்கள். பிட்டமும் தொடையும் அசையக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி முழுசாக விடுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். பலர் தோற்பது இரண்டு இடத்தில்: மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள், இறுக்குவதோடு நிறுத்தி, விடுவதை விட்டுவிடுகிறார்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதும் வேண்டாம், பை முழுசாகக் காலியாகாது. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் ஒரு நொடி முன்னால் சுருக்கிக்கொள்ளப் பழகினால் அந்தச் சொட்டு வெகுவாகக் குறையும். ஆனால் உடலுறவில் வலி, சிறுநீர் தொடங்கவே தாமதம், கீழே எப்போதும் இழுத்துப் பிடித்த மாதிரி இருப்பவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். அவர்களுக்குத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கிறது. தளர்த்தக் கற்றுக்கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

தளர்வது என்றால் வயிற்றில் தொடங்க வேண்டும். தொந்தி தெரியக் கூடாதென்று எக்கியே வைத்திருக்கும் வயிறு மூச்சை மார்பின் மேல் பகுதியிலேயே நிறுத்திவிடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் கழுத்துத் தசைகள் அந்த வேலையைச் செய்து வலிக்கின்றன. ஒரு கையை நெஞ்சில், ஒரு கையைக் கீழ் விலாவில் வைத்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கீழே வைத்த கைதான் முதலில் அசைய வேண்டும். நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து நிமிடம். ரயிலின் லேடீஸ் டப்பாவில், மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும்போதுகூடச் செய்யலாம். ஸ்டேஷன் மேம்பாலத்து நெரிசலில் பையை மார்போடு அணைத்துத் தோளைக் குறுக்குவது தற்காப்பு, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் டப்பாவுக்குள் ஏறியதும் பையை மேலே ரேக்கில் போட்டுவிட்டு, தோளைப் பின்பக்கமாகப் பத்து முறை சுழற்றி விடுங்கள். ஆபத்து முடிந்தது என்று உடம்புக்கும் தெரிய வேண்டும்.

சேலை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடா ஒரு தனிச் சிக்கல். மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் வருஷக்கணக்காக இறுக்கிக் கட்டினால் தோல் கறுத்து, தடித்து, அரித்துப் புண்ணாகும். அப்படி ஆறாத புண் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களின் நிலை 2024-ல் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' மருத்துவ இதழில் வந்தது. ஒருவர் இந்த மகாராஷ்டிராவைச் சேர்ந்தவர், இன்னொருவர் பீகார். இது மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்த பாவாடை தைக்கச் சொல்ல டெய்லரிடம் ஒரு வார்த்தை போதும். இன்று கட்டிய இடத்துக்கு ஒரு விரல் மேலோ கீழோ நாளைக்குக் கட்டுங்கள். வீட்டில் இருக்கும்போது தளர்த்துங்கள். நாலு வாரம் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

பிரா அளவில் நடக்கும் தப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். கடையில் "முப்பத்தாறு கொடுங்க" என்று கேட்பார்கள். கப் அளவை யாரும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. இஞ்ச் டேப்பை மார்புக்கு நேர் கீழே, மூச்சை வெளியே விட்டபடி, முதுகில் மேலேறாமல் நேராக இழுத்து அளந்துகொள்ளுங்கள். 32 வருகிறது என்று வையுங்கள். அதுதான் பட்டி, அதாவது மார்புக்குக் கீழே சுற்றி வரும் பகுதியின் அளவு. ஒற்றைப்படை வந்தால் அடுத்த இரட்டைப்படையைப் போட்டுப் பாருங்கள். பிறகு மார்பின் முழுமையான இடத்தில் அழுத்தாமல் அளந்தால் 36 வருகிறது. வித்தியாசம் 4 அங்குலம். 1 என்றால் ஏ, 2 பி, 3 சி, 4 டி. ஆகவே இவருக்கு 32டி. கடையில் டி இல்லாததால் 36பி கையில் கிடைக்கும். கப் சுமாராகப் பொருந்தும், பட்டி நாலு அங்குலம் லூஸ். எடையைத் தாங்க வேண்டியது பட்டி. அது முதுகில் மேலேறிவிட்டால் எடை முழுக்கத் தோள் வாரில் விழும். தோளில் பள்ளம், கழுத்து வலி, கை மேலே தூக்கினால் அடியில் மார்பு வெளியே வருவது எல்லாம் இதனால்தான். 32டி கிடைக்காவிட்டால் 34சி கேளுங்கள். கப் கொள்ளளவு அதேதான், பட்டி மட்டும் ஒரு அளவு தளர்வு.

புதுப் பிராவைக் கடைசி, அதாவது ஆகத் தளர்ந்த கொக்கியில் போட்டு வாங்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்குப் போகலாம். போட்டதும் கொஞ்சம் குனிந்து, பக்கவாட்டில் கிடக்கும் மார்பைக் கையால் கப்புக்குள் எடுத்து வையுங்கள். பட்டிக்கு அடியில் இரண்டு விரல் போக வேண்டும், நாலு போகக் கூடாது. நடுப்பகுதி நெஞ்செலும்பில் படிய வேண்டும். ஒரு பக்கம் இன்னொன்றைவிடப் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய பக்கத்துக்குக் கப் எடுங்கள். ராத்திரி போட்டுத் தூங்கினால் புற்றுநோய் வரும் என்பது பொய். தாய்ப்பால் கொடுத்ததால் தொங்கிவிடும் என்பதும் சரியில்லை. வயது, எத்தனை முறை கருவுற்றோம், எடை ஏற்ற இறக்கம், புகைபிடிப்பது இவைதான் காரணம்.

மார்பைக் கையால் பரிசோதிப்பதற்கு இதே மும்பையில் ஒரு பெரிய சான்று உண்டு. 1998-ல் டாடா மெமோரியல் மருத்துவமனை இங்குள்ள எளிய குடியிருப்புகளில் தொடங்கிய ஆய்வில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். அதில் ஒரு பாதிப் பெண்களை, மருத்துவர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2021-ல் வெளிவந்தன. பழகிய கை எவ்வளவு கண்டுபிடிக்கும் என்பதை இது காட்டுகிறது. மாதவிலக்கு முடிந்த சில நாளில் மார்பு இளகியிருக்கும், அப்போது சோப்புக் கையோடு தடவிப் பாருங்கள். புதுக் கட்டி, தோல் உள்ளிழுத்திருப்பது, காம்பில் ரத்தம் கலந்த கசிவு, அக்குளில் உருண்டை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசுத் திட்டத்திலேயே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை உண்டு.

இனி, பலர் தங்கள் ஆயுசில் பார்த்தேயிராத பிறப்புறுப்பு. கோலியில் குளிக்கும் இடமான மோரி என்பது ஒரு மூலையும் ஒரு திரையும்தான். அங்கே பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டே குளித்து, நைட்டிக்குள்ளேயே துணி மாற்றும் பெண்ணுக்குத் தன் உடம்பை முழுசாகப் பார்க்க ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. "கண்ணாடி முன் நில்லுங்கள்" என்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் மத்தியான நேரம், தாழ்ப்பாள் போட்ட கதவு, கையடக்கக் கண்ணாடி, மொபைல் டார்ச், பத்து நிமிடம் போதும். சுவரில் சாய்ந்து, கண்ணாடியைத் தொடைகளுக்கு நடுவே தரையில் சாய்த்து வைத்துப் பாருங்கள். வெளி உதடுகள், உள் உதடுகள், மேலே கூடும் இடத்தில் கிளிட்டோரிஸ், அதன் கீழே சிறுநீர்த் துளை, அதற்கும் கீழே யோனித் துவாரம். உள் உதடு ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக இருக்கலாம். நிறம் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருக்கும். பருவம் வந்ததும் ஹார்மோனால் வரும் நிறம் அது. அழுக்கில்லை, அதை வெளுக்க வைக்கும் க்ரீமெல்லாம் எரிச்சலைத்தான் கொடுக்கும்.

யோனியின் உட்புறம் 3.8 முதல் 4.5 வரை பிஹெச் உள்ள லேசான அமிலம். நன்மை செய்யும் கிருமிகள் அதை அப்படி வைத்திருக்கின்றன. குளியல் சோப்பு காரத்தன்மை கொண்டது. உள்ளே சோப்புப் போட்டால் அந்தக் கிருமிகள் செத்து, எந்த நாற்றத்துக்குப் பயந்து கழுவினோமோ அதுவே வரும். வெளியே வெறும் தண்ணீர் போதும். வெள்ளைப்படுதலைப் பார்த்து "எலும்பு உருகிப் போகுது" என்று பயந்து, அசதியெல்லாம் அதனால்தான் என்று நம்புகிற பெண்கள் ஏராளம். எலும்பு எதுவும் உருகுவதில்லை. சுழற்சியின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும் கசிவு கருமுட்டை வெளியேறும் நேரத்தின் அடையாளம். திரிதிரியாக வந்து அரித்தால், மீன் கவிச்சி அடித்தால், பச்சையாக இருந்தால் மட்டும் மருந்து வேண்டும். அசதிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

எடையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் இந்தியப் பெண்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. அது உடல்நலக் கணக்கு. மாட்டுங்கா கல்யாண மண்டபத்தில் "என்னடி, இப்படி ஊதிப் போய்ட்ட" என்று பெரியம்மா கேட்பது வேறு கணக்கு. அதற்கு "ஆமா பெரியம்மா, நீங்க சாப்ட்டீங்களா?" என்று பேச்சை மாற்றினால் போதும், விளக்கம் சொல்லத் தொடங்கினால் மண்டபமே சேர்ந்துகொள்ளும். கண்ணாடி பார்க்கும்போது மார்க் போடாதீர்கள். "வயிற்றில் பிரசவத் தழும்பு, இடது தோள் கொஞ்சம் தாழ்வு" என்று இருப்பதை மட்டும் சொல்லிப் பழகுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மும்பைத் தமிழ்ப் பெண்ணுக்கு மொழி ஒரு தடை. சயன் மருத்துவமனை ஓபிடியில், அதாவது வெளிநோயாளிகள் பிரிவில், இந்தியிலோ மராத்தியிலோ சொல்ல வேண்டும். துணைக்கு வந்த மகளோ மருமகளோதான் மொழிபெயர்ப்பாள். அவள் முன் உடலுறவு வலியைச் சொல்ல வாய் வராமல் "கீழே கொஞ்சம் பிரச்சினை" என்பதோடு முடிந்து, தப்பான மருந்தோடு திரும்புவார்கள். சம வயதுத் தோழியோ பக்கத்து வீட்டு அக்காவோ வந்தால் நல்லது. கடைசி மாதவிலக்குத் தேதி, எந்த இடத்தில், எத்தனை நாளாக, ராத்திரி எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறீர்கள், என்ன மருந்து தடவினீர்கள் என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுதி, இந்தி தெரிந்தவரைக் கொண்டு அடியில் எழுதி வாங்கி, அதையே நீட்டுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம். ஆண் மருத்துவர் என்றால் பரிசோதனையின்போது ஒரு நர்ஸ் கூடவே நிற்கச் சொல்லலாம். யோனிக்குள் பார்க்கும் உட்பரிசோதனையில் பிட்டத்தை மேசையில் முழுசாகப் பதித்து, வாயால் மூச்சை நீளமாக விடும்போது கருவியை நுழைக்கச் சொல்லுங்கள். சின்ன அளவுக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால் "ருக்கியே" (நிறுத்துங்கள்) என்றால் நிறுத்த வேண்டும். கருவியை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கலாம், இல்லை இன்னொரு நாள் வருகிறேன் என்று இறங்கியும் விடலாம்.